புள்ளிமான் பிஸ்கட்டும் ஒரு நாற்காலியும்

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. விடுதிக்குப் போன் போட்டால் எப்போதும் ஒரே பதில், "ஆள் ட்யூட்டியில இருக்கார்." எந்நேரமும் சுற்றுவதற்கு நீ என்ன மனிதனா, மின்விசிறியா? கடிதமாக இருந்தால் கிழிப்பதற்கு முன்னாலாவது நாலு வரி கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. சில நாள் என்னை அத்தை என்று கூப்பிடுகிறார். நான் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தால் தையல் மெஷினைப் பார்த்து "சூட்டைக் குறைச்சு வை, ஓரம் கருகுது" என்கிறார். சோறு வைத்தால் இரண்டு வாய். ஆனால் உங்கள் தொழிற்சாலைப் புள்ளிமான் பிஸ்கட் என்றால் மட்டும் முகம் தெளிகிறது. காலம் பூராவும் அதைச் சுட்ட கை அல்லவா. கடைக்காரர் கிண்டல் செய்கிறார், "பாக்கெட் மேல மான் ஓடுது, உங்கப்பா புண்ணியத்துல என் கடையும் ஓடுது" என்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுப் பாக்கெட் பிரித்துக் கொடுத்தேன். வழக்கம்போல் முதலில் ஓரத்தைக் கடித்தார். பிறகு நடுவில் இருக்கிற சாக்லேட் புள்ளியை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்ததும் வாசலைப் பார்த்து, "நெட்டை வந்திருக்கான். நாற்காலி போடு" என்றார். வாசலில் ஈ காக்கை இல்லை. வயசானவர் மனசு நோகக்கூடாதே என்று எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டேன். அரை மணி நேரம் அந்த நாற்காலியோடு பேசினார். மாவு தளர்ந்திருக்கிறது, பெல்ட் இழுக்கிறது, இப்படித் தொழிற்சாலைப் பேச்சு. பேசி முடித்து அவர் படுத்ததும் நாற்காலியை ஓரமாக வைக்கப் போனேன். இருக்கை சுட்டது. யாரோ உட்கார்ந்து அப்போதுதான் எழுந்த மாதிரி. அந்த அறைக்கு வெயில் வராது, உனக்கே தெரியும்.

நெட்டை என்று யாராவது அங்கே இருக்கிறார்களா? அதை மட்டும் எழுது. முடிந்தால் நீயே வா. "அந்த அடுப்புக்கு வேலைக்குப் போனா இந்த வீட்டுல உனக்கு நாற்காலி கிடையாது" என்று அப்பா சொன்னது தப்புதான். அவரே இப்போது அதை மறந்துவிட்டார். நீ இன்னும் மூன்று வருஷமாக மனசில் வைத்துக்கொண்டு திரிகிறாய். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

நெட்டை என்று ஒருவன் இருந்தான். இரண்டாம் அடுப்பில் காலை ஷிஃப்ட். நிலைப்படியில் குனிந்துதான் வருவான், அதனால் அந்தப் பெயர். அப்பா ஓய்வு பெற்று வந்த பிறகு சேர்ந்தவன். அப்பா அவனைப் பார்த்ததே இல்லை. அவனைப் பற்றி நான் அவரிடம் பேசியிருக்கவும் வழியில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று எவ்வளவு காலம் என்பது உனக்குத் தெரியும்.

'இருந்தான்' என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். ஐந்தாம் தேதி வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றவன், மயக்கமாக வருகிறது என்று உட்கார்ந்தான். எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். நீ நாற்காலி போட்ட ஞாயிற்றுக்கிழமை அவன் உயிரோடு இருந்தான், என்னோடு டீ குடித்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பெரிதுபடுத்தாதே. ஆனாலும் ஒன்று செய். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஷிஃப்ட், அடுத்த எண் அடுப்பு. இங்கே சுட்டது உங்கள் ஊர்க் கடைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். எண்களைப் பார்த்து எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வருவதைப் பற்றிப் பேசாதே. நாற்காலி கிடையாது என்று சொன்ன வீட்டில் நின்றுகொண்டு டீ குடிக்க எனக்கு ஆசையில்லை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். ஒன்று, இரண்டு. காலை ஷிஃப்ட், இரண்டாம் அடுப்பு.

இன்னொன்றும் நடந்தது. நேற்று வேறு பாக்கெட். ஓரம், நடு, கண் மூடல், எல்லாம் அதே மாதிரி. "பாட்டுக்காரர் வந்திருக்கார். பெரியவர், நல்ல நாற்காலியாப் போடு" என்றார். போடமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவர் சிரித்துத் தலையாட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பிள்ளை மாதிரி சந்தோஷம். போட்டுவிட்டேன். கதவு பூட்டியிருந்தது. யாரும் தட்டவில்லை. இவர்கள் யாரும் கதவைத் தட்டுவதில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலிப் பக்கம் மட்டும் சாக்லேட் உருகுகிற வாசனை வந்தது. அறையின் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் மட்டும். பிறகு தொட்டுப் பார்த்தேன். சூடு.

பாக்கெட்டில் இருப்பது: ஒன்று, நாலு. யார் அது? நன்றாக இருக்கிறாரா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதம் வந்தபோது பாட்டுக்காரர் பெல்ட் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பின்னால் நாலாம் அடுப்புக்கு வந்தவர். காலையில் அவர் அங்கே நிற்பார், மத்தியானம் நான் வந்து மாற்றிவிடுவேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வேடிக்கைக்காகத்தான் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கப்பா கூப்பிட்டா வராம இருக்க முடியுமாப்பா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது லாரி அடித்துவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நின்ற இடத்தில் புது ஆள் நிற்கிறான். பிஸ்கட் அதே மாதிரிதான் வருகிறது. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும்தான் எங்கள் வேலை, மற்றதெல்லாம் இயந்திரம். அதில் கைப்பக்குவம் என்று ஒன்று தங்கும் என்று நான் நம்பியதில்லை. அப்பா மட்டும் அந்தக் காலத்திலேயே, எந்த ஷிஃப்ட்காரன் சுட்டது என்று கடித்துச் சொல்வாராம். இங்கே இன்னும் அதைப் பேசுகிறார்கள். மனிதன் போன பிறகும் அவன் சுட்டது மாதக்கணக்கில் கடைகளில் அடுக்கியிருக்கும், யாராவது டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். இரண்டு, நாலு என்று போட்ட பாக்கெட்டை அப்பா கையில் கொடுக்காதே. அது நான்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

இன்றைக்கே வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா. துணியைக்கூட மடிக்க வேண்டாம்.

அப்பா கைக்குப் போய்விடக் கூடாதே என்று இரண்டு நாலு எண் போட்ட பாக்கெட்டுகளைத் தேடித் தேடி வாங்கினேன். மூன்று தெருக் கடைகளையும் காலி செய்தேன். கடைக்காரர் வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். எல்லாவற்றையும் துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நேற்று தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தால், அப்பா பெட்டியைக் குடைந்து ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்திருக்கிறார். வாயில் புள்ளி. கண் மூடியிருக்கிறது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தம்பி வந்திருக்கான்" என்றார். உன்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே, என் வாயால் கேட்டுக் கேட்டு அவருக்கும் நீ தம்பிதான். "பாரு, வாசல்லயே நிக்கிறான். நாற்காலி போடு."

நான் போடவில்லை. போடவே மாட்டேன். நெட்டைக்குப் போட்டேன், போனான். பாட்டுக்காரருக்குப் போட்டேன், போனார். வீட்டில் இருக்கிற நாற்காலி நாலையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்பா கட்டில் ஓரத்தில், நான் தரையில். அவர் விடவில்லை. "பிள்ளை நிக்கிறான், நான் எப்படிச் சாப்பிடுறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். நேற்று அதன்பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். இன்று டீ. அவர் வீம்புதான் உனக்கும் வந்திருக்கிறது.

அவர் பிரித்த பாக்கெட்டில் எண்களின் பக்கத்தில் தேதி பிப்ரவரி 10. வா. வந்தால் மறக்காமல் கதவைத் தட்டிவிட்டு வா. தட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பயப்படாதே. நான் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அந்தத் தேதியை நினைத்துப் பார்த்தேன். பிப்ரவரி பத்து நான் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள். கன்னம் வீங்கி விடுதியில் படுத்திருந்தேன். எனக்குப் பதிலாக நாலாம் அடுப்பில் நின்றது மச்சான். உறவு இல்லை, பழக்கத்தில் வந்த மச்சான். நானும் அவனும் அவசரத்துக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்வோம். மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதால் பலகையில் பெயரை மாற்றுவதில்லை. எழுதியிருப்பது என் பெயராக இருக்கும், நிற்பது அவனாக இருக்கும். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

ஆகவே அப்பா சொன்ன ஆள் நான் இல்லை. அவருக்குத்தான் நாலாம் அடுப்பு என்றால் என் ஞாபகம்.

இதை எழுதக் கை கூசுகிறது. மச்சானுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இன்றைக்குக் காலையில் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கிற?" என்றான். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன செய்வது? பஸ்ஸில் ஏறாதே, சைக்கிளில் போகாதே, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே என்றா? என் மனசில் இருந்ததை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அவனாக இருந்தால் நான் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. சீ என்றிருந்தது. ஆனால் வந்தது.

அப்பா பட்டினி கிடக்க வேண்டாம். இந்த வயதில் உடம்பு தாங்காது. நாற்காலியைப் போட்டுவிடு.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

போட்டுவிட்டேன்.

யார் பெற்ற பிள்ளையோ, தெரிந்தே போட்டேன். இரண்டு பெண் குழந்தைகள் என்று நீ எழுதிய வரியைக் கையால் மறைத்துக்கொண்டு கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன், பிறகு போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலியை எடுத்து வந்தேன். என் தம்பி இல்லை என்றால் எனக்குப் போதும் என்று இருந்தது. சாமி என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

இத்தனை நாளும் டீயும் இரண்டு மடக்குக் கஞ்சியுமாக இருந்த அப்பா உடனே சாப்பிட உட்கார்ந்தார். ஒரு தட்டுச் சோறு, இரண்டாம் தரம் கேட்டு வாங்கி. அப்புறம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை மாவையும் பெல்ட்டையும் பற்றிப் பேசவில்லை. தாழ்ந்த குரலில் பேசினார். நான் துணி மடிக்கிற சாக்கில் நின்று கேட்டேன்.

"அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. நான் நின்ன இடத்துல நீயும் நின்னு வேகணுமேன்னு ஆத்திரம். உட்காரு. இது உன் நாற்காலிதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியதை, பாவம், யாரோ முகம் தெரியாத மச்சானிடம் சொல்கிறாரே என்று. நினைவு தப்பியவருக்கு எல்லோரும் ஒன்றுதான். இருக்கையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கதவை யாரும் தட்டவில்லை.

அந்த மச்சானைக் கவனித்துக்கொள். அவன் குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு. புள்ளிமான் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

நிதானமாகப் படி. உட்கார்ந்துகொண்டு படி.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட என்னால் முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்த்தி உன் கடிதங்களைக் காட்டினேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் விரலை மடக்கி மடக்கி ஏதோ யோசித்தான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

"டேய், நீ பல்லு பிடுங்கினது பத்து இல்லடா. பதினொண்ணு. நான் உனக்காக வந்து நின்ன அன்னைக்குத்தான் பெல்ட் அறுந்துச்சு. அடுப்பையே அணைச்சுட்டாங்க. ஒரு பாக்கெட்கூட வெளிய போகல. பத்தாம் தேதி நீ வலியோட நின்னுட்டுத்தான போன?"

அவன் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது. கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றது. அனல் பட்டு வலி இன்னும் ஏறியது. ஷிஃப்ட் முடியட்டும் என்று பல்லைக் கடிக்கவும் முடியாமல் நின்றேன். பத்தாம் தேதி நாலாம் அடுப்பில் நின்றது நான்தான்.

முதலில் வந்தது பயம் இல்லை. மச்சான் பிழைத்தான் என்று ஒரு நிம்மதி. அவன்தான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போடச் சொன்னவன் நான். நீ அதை நினைத்து நினைத்துச் சாகாதே.

அப்பா சொன்னதை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வருஷம் முறைத்துக்கொண்டிருந்தேன். அதை நாற்காலியிடம் சொல்லிவிட்டார், நான் இங்கே இருக்கிறேன். நேரில் வந்து அவர் வாயால் கேட்க வேண்டும்.

கணக்கு முடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். மாற்று ஆள் வரும்வரை வெள்ளிக்கிழமை கடைசி ஷிஃப்ட்வரை நிற்கச் சொல்கிறார்கள். சரி என்றேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்பேன். மச்சான் பஸ் ஏற்றிவிட வருகிறான், சாலையைக்கூடக் கையைப் பிடித்துத்தான் கடக்க வைப்பானாம்.

தெருவே கேட்கிற மாதிரி கதவைத் தட்டுகிறேன். சரியா?

தம்பி


ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

நேற்று மத்தியானம் வந்த பஸ்ஸில் நீ இல்லை. சாயங்கால பஸ்ஸிலும் இல்லை. இன்று காலை பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கும்வரை நின்றேன். நடத்துநர், "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். உயரம் சொன்னேன், நிறம் சொன்னேன். மூன்று வருஷத்தில் நீ எப்படி ஆகியிருக்கிறாய் என்று எனக்கே தெரியவில்லை.

விடுதிக்குப் போன் போட்டேன். போனை எடுத்தவர் எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லவில்லை. தொழிற்சாலைக்குப் பேசுங்கள் என்றார். தொழிற்சாலைக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். உன் பெயரைச் சொன்னேன். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள். "அக்கா" என்றேன். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றாள். அந்த 'அம்மா' எனக்குப் பிடிக்கவில்லை. போன் அப்படியே கிடந்தது, தூரத்தில் யாரோ யாரிடமோ மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி வருவதற்குள் நான் வைத்துவிட்டேன். அதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் எடுக்கவில்லை. மச்சானாகத்தான் இருக்கும். அவன் அழுதால் நான் என்ன சொல்வது?

நாற்காலியை எடுத்துவிடப் பார்த்தேன். நான் போட்டதுதானே, நானே எடுத்துவிடுகிறேன் என்று கையை வைத்தேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த நடுங்குகிற கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எடுக்காத. அவன் வர்ற நேரம்" என்றார். இன்றைக்கு அவர் பிஸ்கட் தொடவே இல்லை. வீட்டில் ஒரு பாக்கெட்கூட இல்லை, எல்லாவற்றையும் நேற்றே தூக்கி எறிந்துவிட்டேன். ஆனாலும் சாக்லேட் உருகுகிற வாசனை வருகிறது. அந்தப் பக்கம் மட்டும் இல்லை, வீடு முழுக்க.

இருக்கையைத் தொட்டுப் பார்க்கக் கை போகிறது. பாதியில் திரும்பி வந்துவிடுகிறது.

காலையில் இரண்டு தரம் கதவு தட்டினார்கள். ஒரு தரம் பால்காரர், ஒரு தரம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண். இரண்டு தரமும் ஓடினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது? விடுதி பெயரை எழுதினால் திரும்பி வந்துவிடும் என்று தோன்றுகிறது. அதனால் மேஜைமேல், உனக்கு ஊற்றி வைத்த டீக்குப் பக்கத்தில் வைக்கிறேன். டீ ஆறவே இல்லை.

மூன்று வருஷமாக வா, வா என்று கூப்பிட்டேன். கோபத்தை விட்டுவிட்டு வா என்றேன், வேலையை விட்டுவிட்டு வா என்றேன், கதவைத் தட்டிவிட்டு வா என்றேன். இனி ஒன்றும் சொல்லமாட்டேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உன் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி, வா. நாற்காலி போட்டிருக்கிறேன்.

அக்கா